பேட்டரி போயிருக்கும்ணா

என் வீட்டு பீரோவில், எல்ஐசி பத்திரங்களுக்கு அடியில், ஒரு ஃப்ளாப்பி இருக்கிறது. லேபிளில் பென்சிலால் 'ஜாத்திரை' என்று எழுதியிருக்கிறேன். உள்ளே இருப்பது 4,104 பைட். இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டோவின் மூலையில் அடங்கிவிடும். அது என்னுடையது இல்லை. 1998 மே மாதம், திருப்பதியில், ஒருவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் எடுத்தது. எடுத்தேன் என்று எழுதுகிறேன் பாருங்கள். திருடினேன்.

அவரை அண்ணா என்றே சொல்கிறேன். அப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் வேண்டாம், வீட்டார் இருக்கிறார்கள். இருவருக்கும் ஊர் சித்தூர். 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த ஊர் அது. எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, மேடையில் எது சம்பளம் தருகிறதோ அது. சித்தூர் என்றால் கச்சேரி ரசிகர்களுக்குச் சுப்பிரமணிய பிள்ளை ஞாபகம் வரும், பழைய சினிமாக்காரர்களுக்கு நாகையா. எங்கள் பாட்டுக் கச்சேரி வட்டாரத்துக்கு அண்ணா.

அவருடைய அப்பா நாதஸ்வரக்காரர். மகனுக்குச் சின்ன வயதிலேயே இழுப்பு. ஊத முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட, ஆர்மோனியத்தில் உட்காரவைத்தார்கள். ஆர்மோனியம் கீபோர்டு ஆனது. 'புன்னகை மன்னன்' 1986இல் வந்தபோது அதன் தீம் மியூசிக்கைக் கேட்டு ஊரே 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்று பேசியது. அப்போதே அண்ணாவுக்குள் ஒன்று விழுந்துவிட்டது. நாலு வருஷம் சீட்டுக் கட்டி, மெட்ராஸில் ஒருவர் கைமாற்றிய யமஹா டிஎக்ஸ்7ஐ வாங்கிக்கொண்டு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். மடியில் வைக்கிற சைஸ் இல்லை அது. அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் திருடியது என்ன என்பதே புரியாது.

டிஎக்ஸ்7 1983இல் வந்தது. அதன் உள்ளே இருக்கும் கணக்கு, ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் 1967இல் கண்டுபிடித்தது. ஒரு சுரத்தை லேசாக ஆட்டினால் அசைவு கேட்கும். ஆட்டத்தை வேகமாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அசைவு மறைந்து சுரத்தின் குணமே மாறிவிடும். மணியாகும், பித்தளையாகும், மரமாகும். ஓர் அலையை இன்னோர் அலை ஆட்டுவதுதான் சூத்திரம். டிஎக்ஸ்7இல் அப்படி ஆறு அலைகள். ஆபரேட்டர் என்று பெயர். யார் யாரை ஆட்டுவது என்பதற்கு 32 ஏற்பாடுகள். பெயரோடு சேர்த்து ஓர் ஒலிக்கு 155 எண்கள். அப்படி 32 ஒலிகளைக் கருவி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அந்தத் தொகுப்புக்கு பேங்க் என்று பெயர். அணைத்தாலும் மறக்காமலிருக்க உள்ளே கைக்கடிகாரத்தில் போடுவது மாதிரி ஒரு வட்ட பேட்டரி.

இந்த 155 எண்களையும் இரண்டே வரித் திரையில், ஒரு நேரத்துக்கு ஒன்றாகப் பார்த்து, ஒற்றை ஸ்லைடரை ஏற்றி இறக்கி மாற்ற வேண்டும். சாவித் துவாரம் வழியாகக் கல்யாணம் பார்ப்பதுபோல. அதற்குப் பயந்து உலகம் முழுக்கப் பெரும்பாலானவர்கள் கம்பெனி போட்டுக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். விடாப்பிடியாக உட்கார்ந்து சொந்த ஒலி செய்தவர் என்றால் இங்கிலாந்தில் பிரையன் ஈனோவைச் சொல்வார்கள். சித்தூரில் அண்ணா.

அவருடைய 11ஆம் நம்பர் நாதஸ்வரம். அதைச் செய்ய எட்டு மாதம் ஆனது என்று அவர் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று ஜோடியாக அலைகள்: ஒரு ஜோடி உடம்பு, ஒரு ஜோடி ஊதத் தொடங்கும் நொடியில் வரும் மூச்சு, நடு ஜோடி சீவாளியின் அந்தக் கிழிசல். நான் கேட்ட மற்ற கீபோர்டு நாதஸ்வரங்கள் எல்லாம் கல்யாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில் தூரத்திலிருந்து வருவதுபோல இருக்கும். இது பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஊதும். அவர் அப்பா ஊதியது அப்படித்தான் இருக்கும் என்று வயதானவர்கள் சொன்னார்கள். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது 24 வயது. என்னிடம் இருந்தது டிஎக்ஸ்7இன் ஊமைத் தம்பி. கீபோர்டு கிடையாது, வெறும் பெட்டி. அதன் பெயரும் டிஎக்ஸ்7தான். இங்கிலீஷில் முதல் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே 'பெட்டி' என்கிறேன். பெட்டியில் ஒலியைத் திருத்த பட்டன்கூட இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து எடிட்டர் புரோகிராம் வழியாகத்தான் மாற்ற முடியும். என்னிடம் ஒரு பழைய 486, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு, ஜாய்ஸ்டிக் சொருகுகிற இடத்தில் சொருகும் மிடி கேபிள், கேக்வாக் சீக்வென்சர், ஒரு எடிட்டர். எல்லாம் யாரோ கொடுத்த நகல்கள்தான். ஒப்புதல் என்று ஆரம்பித்துவிட்டேன், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா ஒரு நாளில் பார்ப்பதை எடிட்டரில் நான் ஒரே திரையில் பார்ப்பேன். ஆறு ஆபரேட்டரும் வரிசையாக, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கமும் கோடாக வரைந்து. கோட்டின் முனையை மௌஸால் பிடித்து இழுத்தால் ஒலி மாறும். அந்த வசதியைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த சொந்த ஒலி ஒன்றே ஒன்று, ஒரு மணி. ஒலியின் பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். 'சித்தூர் பெல்' இங்கிலீஷில் அதற்குள் அடங்கவில்லை. மூன்று எழுத்தைத் தின்று 'சிட்ர் பெல்' என்று வைத்தேன். என் பேங்க்கில் 32ஆம் இடம் அதற்கு. மற்றதெல்லாம் அங்கே இங்கே பொறுக்கியவை.

திருப்பதியில் அந்தக் காலத்தில் பக்தி கேசட் வியாபாரம் அடுப்பிலிருந்து இறக்க இறக்க விற்கிற வடை மாதிரி. மலை ஏறுகிற கூட்டம் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று வாங்கும். கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் ஒரு மாடி அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை, ஒரு டேப் மெஷின். அதுதான் ஸ்டூடியோ. புரோகிராமிங் என்னுடையது. நாதஸ்வரமும் ஆர்மோனியமும் வேண்டுமென்றால் அண்ணா தன் கருவியோடு வருவார்.

அன்று கேபிள்கள் போயிருந்த விதத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கம்ப்யூட்டரிலிருந்து அண்ணாவின் கருவிக்கு. அங்கே 'த்ரூ' என்ற துளையிலிருந்து என் பெட்டிக்கு. கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் முதலில் அவர் காதில் விழும், அதே வார்த்தை என் பெட்டிக்கும் போகும். அவர் வாசிப்பதைப் பதிவுசெய்ய, அவரிடமிருந்து கம்ப்யூட்டருக்குத் திரும்பி ஒரு கேபிள்.

மிடியில் ஒலி போகாது. இது பலருக்குத் தெரியாது. இந்தக் கட்டையை இவ்வளவு அழுத்தமாகத் தொட்டான், விட்டான், இப்போது 11ஆம் நம்பர் ஒலிக்கு மாறு, இவ்வளவுதான் போகும். பந்தியில் ஒருவன் 'சாம்பார்' என்று கூவுவதுபோல. வாளியில் என்ன இருக்கிறதோ அதுதான் இலையில் விழும். சீக்வென்சரில் சேமித்த பாட்டில் நம்பர் இருக்கும், ஒலி இருக்காது. நாளைக்கு யாராவது 11ஐ மாற்றிவிட்டால் அதே பாட்டு வேறு குரலில் பாடும். இதற்காகத்தான் வாளியையே அனுப்புகிற இன்னொரு வகைச் செய்தி வைத்தார்கள். சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ். கம்பெனிக்குக் கம்பெனி அடையாள எண் வேறு, ஒரு கம்பெனியின் செய்தியை இன்னொன்றின் கருவி காதில் போட்டுக்கொள்ளாது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் கருவியையும் ரோலண்ட் கருவியையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி, அதுதான் மிடி. அதற்காக டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ ககேஹஷிக்கும் 2013இல் கிராமி கொடுத்தார்கள். அந்தப் பொது மொழிக்குள் ஆளுக்கொரு குடும்ப பாஷைக்கும் இடம் விட்டிருந்தார்கள். அண்ணாவின் கருவியும் என் பெட்டியும் ஒரே குடும்பம். ஒரே பாஷை.

கேக்வாக்கில் ஒவ்வொரு பாட்டோடும் இப்படி ஒரு வாளியை வைத்துப் பூட்டலாம். பக்கத்தில் ஒரு தேர்வு: ஆட்டோ. அதைப் போட்டுவிட்டால் பாட்டுக் கோப்பைத் திறந்த மறுகணம் 32 ஒலிகளையும் அதுவே வெளியே தள்ளிவிடும். என் பாட்டுகள் எல்லாவற்றிலும் நானே ஆட்டோ போட்டு வைத்திருந்தேன். சோம்பேறித்தனத்துக்கு நல்ல மருந்து.

அன்று அண்ணாவின் பகுதி பன்னிரண்டரைக்கே முடிந்துவிட்டது. காலையில் அவர் ஆர்மோனிய ஒலியைக் கொஞ்சம் திருத்தித் தன் கருவியில் ஏற்றினார். ஏற்றுவதற்கு 'மெமரி ப்ரொடெக்ட்' என்ற காவலை எடுத்துவிட வேண்டும். ஒருமுறை எடுத்தால் கருவியை அணைத்துப் போடும்வரை காவல் இல்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ராத்திரி சித்தூரில் கங்கம்மா ஜாத்திரைக் கச்சேரி, மேடையில் எனக்கு ரிதம் பேடு, மூன்று மணிக்கு வேன். எனக்குப் பசிக்கவில்லை என்றேன். நிஜமாகவே பசிக்கவில்லை. காலையிலிருந்தே அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பட்டன். திரையில் 'அனுப்பட்டுமா' என்று கேட்டது, 'ஆம்' அழுத்தினேன். மிடி கேபிளில் வினாடிக்கு 31,250 பிட் போகும். 4,104 பைட் போக ஒன்றேகால் வினாடிக்குக் கொஞ்சம் கூட ஆகும். எட்டு மாத நாதஸ்வரம், ஆறு வருஷத்து வேலை, இருமல் வருவதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஃப்ளாப்பியில் எழுதினேன். அத்தோடு எழுந்து சாப்பிடப் போயிருக்கலாம். ஆசை யாரை விட்டது? அந்த நாதஸ்வரம் என் பாட்டில் எப்படிக் கேட்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. பாட்டைத் திறந்தேன்.

ஆட்டோ.

கருவியின் திரையில் ஏதோ மின்னியது. ஒன்றேகால் வினாடிதான், போகும்போது ஆன அதே நேரம். 11ஐ அழுத்தினேன். என் பேங்க்கின் மரிம்பா பெயர் வந்தது. 12, 13, எல்லாம் என்னுடையவை. 32ஐ அழுத்தினேன். சிட்ர் பெல்.

அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. திருடிய பேங்க் கையில் இருந்தது. திருப்பி அனுப்பினால் முடிந்தது. இன்னொரு ஒன்றேகால் வினாடி. மௌஸில் கை வைத்தேன், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணா கையில் எனக்காக ஒரு புளியோதரைப் பொட்டலம். "சாப்பிடாம என்னடா பண்ற, வேன் வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சை அணைத்து, வயர்களைச் சுருட்டி, கருவியை அதன் கேஸில் வைத்து மூடினார். நான் புளியோதரையைத் தின்றேன். நன்றாக இருந்தது என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

சந்திரகிரி தாண்டி சித்தூர்வரை சுமார் 70 கிலோமீட்டர். வேனில் அவருக்குப் பக்கத்து சீட்டு. சொல்லியிருக்கலாம்.

ஜாத்திரை மேடை. கீழே மஞ்சளும் வேப்பிலையும், வேஷம் கட்டியவர்களும், குழந்தைகளைத் தோளில் வைத்தவர்களும். முதல் பாட்டு அம்மன் பாட்டு, நாதஸ்வரத்தில் எடுப்பு. அண்ணா 11ஐ அழுத்திக் கையை வைத்தார். டொக் டொக் என்று மரிம்பா. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அவர் 12ஐத் தொட்டார், 13ஐத் தொட்டார். பாடகி திரும்பிப் பார்த்தார். அண்ணா அந்தப் பாட்டைக் கம்பெனி ஆர்கன் மாதிரி இருந்த ஏதோ ஒன்றில் தேய்த்து முடித்தார். என் பக்கம் குனிந்து, "யாரோ வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்குடா. எதுவும் வெச்ச எடத்துல இல்ல" என்றார்.

ரிதம் பேடில் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே பதில் என் வாயில் தயாராக இருந்தது. "பேட்டரி போயிருக்கும்ணா."

ராத்திரி இரண்டு மணிவரை என்னுடைய மட்டமான ஒலிகளில் வாசித்தார். என் பொறுக்கல்களை அந்த அளவுக்கு யாரும் அழகாக வாசித்ததில்லை.

மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டார். டிஎக்ஸ்7இல் பேட்டரியின் அளவைத் திரையிலேயே பார்க்கலாம். காட்டினார். 3 வோல்ட், நல்ல ஆரோக்கியம். "பேட்டரி போனா குப்பையால்ல வரும்? பேரெல்லாம் இவ்வளவு ஒழுங்கா எப்படி நிக்கும்?" என்றார். "மேடையில ஜெனரேட்டர் கரண்டு ஏறி இறங்கியிருக்கும்ணா" என்றேன். அப்படியெல்லாம் ஏறி இறங்கினால் மரிம்பா வராது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டு போய் 32இல் நின்றார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு எழுத்துக் கூட்டினார். "இது என்னடா, சிட்ர் பெல்?"

"கம்பெனிக்காரன் வெச்ச பேரா இருக்கும்ணா."

ஜப்பானில் எந்தக் கம்பெனிக்காரன் சித்தூரின் பெயரில் மணி செய்வான்? அண்ணா ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் பார்த்துக் காபி சொன்னார்.

இத்தனை வருஷம் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்ட விதம் இது: பயந்துவிட்டேன், சின்னப் பையன், திருட்டு வெளியாகிவிடும் என்ற நடுக்கம். பாதிதான் உண்மை. 'பத்திரத்துக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சேண்ணா' என்று சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பார். கேட்காமல் எடுத்ததற்குத் திட்டியிருக்கவே மாட்டார். அந்த வாக்கியம் அன்றே எனக்குத் தோன்றியது. சொல்லாததற்குக் காரணம் வேறு. அந்த 32 ஒலிகள் இப்போது உலகத்தில் என் ஃப்ளாப்பியில் மட்டும்தான் இருந்தன. சாயங்காலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றபோது எனக்கு வந்தது நடுக்கம் இல்லை. சந்தோஷம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சொல்லவே கூசுவது.

அண்ணா முதலிலிருந்து தொடங்கினார். அந்த இரண்டு வரித் திரை, அந்த ஒற்றை ஸ்லைடர். எண்களை அவர் எங்கும் எழுதி வைத்ததில்லை, கார்ட்ரிஜ்ஜில் நகல் எடுத்து வைக்கவும் இல்லை. ராத்திரி ராத்திரியாக உட்காருவார். தூசியில் இழுப்பு வரும், வெந்நீர் குடிப்பார், திரும்ப உட்காருவார். ஒரு மாதம் ஆகியும் நாதஸ்வரம் ஷெனாய் மாதிரிதான் வந்தது. 'கம்ப்யூட்டர்ல உக்காந்து பாக்கலாமாண்ணா' என்று நானே கேட்டேன். உதவி செய்கிறோம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன்.

கருவியோடு என் அறைக்கு வந்தார். எடிட்டரில் அவருடைய அரைகுறை ஷெனாயை ஏற்றினேன். அசல் நாதஸ்வரத்தின் 155 எண்களையும் முந்தின ராத்திரியே ஒரு தாளில் எழுதி, கீபோர்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். ஏற்பாட்டை மாற்றினேன், "இது அஞ்சாம் நம்பர் மாதிரி இருக்கும்ணா" என்று சொல்லி. சினிமாவில் டாக்டர் ஆபரேஷன் செய்வதுபோல ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டு, வேண்டுமென்றே இரண்டு தடவை தப்பாகப் போய்த் திரும்பி வந்தேன். ஒன்றரை மணி நேரம் நடித்தேன். சீவாளிக் கிழிசல் வந்த நிமிஷம் அண்ணா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். கட்டையில் கைவைத்து ஒரு தோடி இழுப்பு இழுத்தார். கண் கலங்கியிருந்தது. "என்ன காதுடா உனக்கு" என்றார்.

ஆனால் அது முழுசாக அவருடையது இல்லை. எல்லா எண்ணும் பொருந்திவிட்டால் சந்தேகம் வருமே என்று ஓரிடத்தில் கைவைத்தேன். சீவாளியை ஆட்டுகிற 4ஆம் ஆபரேட்டர், அசலில் 82. நான் 78இல் நிறுத்தினேன். இந்தக் கருவியில் ஆட்டுகிற அலையின் அளவு ஒலியின் கூர்மை. நாலு எண் என்பது காதுள்ளவனுக்குக் கேட்கிற தூரம். அண்ணா ரொம்ப நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெட்கப்படுதுடா, என்னன்னு தெரியல" என்றார். "போகப் போகப் பழகிரும்ணா" என்றேன்.

அப்படி ஒவ்வொன்றாக மூன்று ஒலிகளைத் 'திரும்பச் செய்து' கொடுத்தேன். இரண்டு வருஷத்தில் மூன்று. ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் குறைத்து. மற்ற 29ஐ அவர் தானாகவே வேறு விதமாகச் செய்துகொண்டார், அல்லது ஆசையை விட்டார். சித்தூரிலிருந்து திருப்பதிவரை அவர் என்னைப் பற்றிச் சொல்லாத ஆள் கிடையாது. போன ஒலியைக் காதாலேயே திரும்பக் கொண்டுவந்தவன் என்று பெயர் வந்தது. அந்தப் பேரில் எனக்குச் சென்னையில்கூட வேலை கிடைத்தது. அங்கே நான் கொண்டுபோனது அசல் நாதஸ்வரம், 82.

மேடையில் அந்த 11ஐ வாசிக்கும்போது அண்ணா புதிதாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். இடது கட்டை விரலால் மாடுலேஷன் வீலைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டே வாசிப்பார். அதை ஒலியின் கூர்மைக்குக் கட்டி வைத்திருந்தார். முன்னெல்லாம் அந்தக் கை சும்மா தொடையில் இருக்கும். எதற்காகத் தள்ளுகிறார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் பக்கத்திலேயே நின்று ரிதம் பேடு தட்டிக்கொண்டிருந்தான்.

அவர் 2016இல் போனார். இழுப்புதான். பதினாறாம் நாள் கழிந்து அவர் மகள் போன் செய்தாள். கருவியைப் போட்டுப் பார்த்து, விலைக்குப் போகுமா என்று சொல்ல முடியுமா அண்ணா என்றாள். போகும் முன், ஃப்ளாப்பியில் இருந்ததை நகலெடுத்து வைத்திருந்த பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்து, டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளில் ஏற்றிப் பார்த்தேன். டிஎக்ஸ்7இன் பழைய பேங்க்கை அது அப்படியே வாசிக்கும், எடிட்டரும் அதுவே, கேபிள்கூட வேண்டாம். 4ஆம் ஆபரேட்டர், 82. லேப்டாப்பையும் மிடி கேபிளையும் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்தேன்.

ஹாலில் ஸ்டாண்டில் துண்டு போர்த்தி வைத்திருந்தார்கள். போட்டேன். பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தது. 11, நாதஸ்வரம், நான் கொடுத்த 78 அப்படியே. அவர் அதைத் திருத்தவே இல்லை, 18 வருஷம் விரலால்தான் சரிசெய்திருக்கிறார். ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு போனேன். ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுவரை எல்லா இடத்திலும் அவர் புதிதாகச் செய்து நிரப்பிய ஒலிகள், அவர் வைத்த பெயர்கள். என் பேங்க்கில் இருந்த எதையும் விட்டுவைக்கவில்லை.

32ஐ அழுத்தினேன். சிட்ர் பெல்.

கேபிள் பையிலேயே இருந்தது. உள்ளே இருந்து மகள் காபி கொண்டுவந்தாள். கட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா வாசிச்ச சத்தமெல்லாம் இதுல அப்படியே இருக்காண்ணா?" என்று கேட்டாள்.

"அப்படியே இருக்கும்மா" என்றேன்.